பேஸ்போல்காரரைத் தெரியாது என்றோம்

பிள்ளைகளே, சென்ற மாதம் வீடு மாறியபோது பழைய வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்ற தடியை நீங்கள் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு வந்து, இதைக் குப்பையில் போடுவதா என்று பிரெஞ்சில் கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். யாருடையது என்று மூத்தவள் கேட்டாள். ஒரு அண்ணையுடையது என்றேன். எந்த அண்ணை என்று சின்னவன் கேட்டான். அந்த நேரம் லொறிக்காரன் கீழே நின்று ஹோர்ன் அடித்ததால் நான் தப்பினேன். அதற்குப் பிறகு நீங்கள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதால்தான் எழுதுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவு வராது. பத்தாம் வகுப்போடு நின்றவன். உங்களுக்கும் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஆகவே மெதுவாகப் போவோம்.

அது 2009ஆம் ஆண்டு. மூத்தவள் அம்மாவின் வயிற்றில் இருந்தாள். ஊரில் போர் முடிந்த விதத்தை உங்களுக்கு இன்னொரு நாள் சொல்ல வேண்டும். அந்த வைகாசிக்குப் பிறகு நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒருவரையொருவர் கண்டால், "எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்பதை நாங்கள் நிறுத்தியிருந்தோம். கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். அதே காலத்தில் வேலைகளும் போய்க்கொண்டிருந்தன. உலகம் முழுக்கப் பணம் முடங்கிவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். எங்களுக்கு அது வேறு விதமாகத் தெரிந்தது. பிரெஞ்சு உணவகங்களில் கோப்பை கழுவியவர்களை முதலாளிமார் அரைநாள் ஆக்கினார்கள், பிறகு, கூப்பிடும்போது வந்தால் போதும் என்றார்கள், பிறகு கூப்பிடவில்லை. மேலே மெட்ரோ ஓடும். கீழே அதைத் தாங்குகிற தூண்களோடு ஆட்கள் காலையிலிருந்து சாய்ந்து நிற்பார்கள். வேலைக்குப் போகிற உடுப்போடுதான் நிற்பார்கள். வேலை போனதை வீட்டில் சொல்லாதவர்கள் அதில் பாதிப் பேர்.

நான் ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக்கடைக் குசினியில் உதவியாளாக நின்றேன். அங்கே தோசைக்கல்லில் நின்றவர்தான் அந்த அண்ணை. மெலிந்த மனிதர், இடக்கைக்காரர். எல்லோரும் மாவை ஒரு பக்கமாகச் சுற்றி ஊற்றினால் அவர் மற்றப் பக்கமாகச் சுற்றுவார். கடைக்கு வரவு குறைந்ததும், குசினிக்கு இனி ஒரு ஆளே காணும் என்றார் முதலாளி. நான் வயதில் குறைந்தவன், எந்த வேலை என்றாலும் செய்வேன் என்று என்னை வைத்துக்கொண்டார். அண்ணை தன்னுடைய ஏப்ரனைக் கழற்றி மடித்து என் கையில் தந்தார். "மாவைப் புளிக்க விடு. அவசரப்படாதை," என்றார்.

அவருடைய அகதி வழக்கு முதல் தடவை நிராகரிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் கிடந்தது. மனைவியும் சின்ன மகளும் வன்னியிலிருந்து தப்பி வந்து இராணுவம் காவல் நின்ற முகாமுக்குள் இருந்தார்கள். யாருடையதோ கைத்தொலைபேசியைக் கெஞ்சி வாங்கி அந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு கதைக்கும். என்ன கதைப்பது? அங்கே நடப்பதை அவள் சொல்லக்கூடாது. இங்கே வேலை போனதை இவர் சொல்லமாட்டார். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். அதற்குமேல் இரண்டு பக்கமும் மூச்சுத்தான் கேட்கும் என்று என்னிடம் ஒருநாள் சொன்னார்.

கொஞ்ச நாளில் அவர் ஒரு தடியோடு வந்தார். மண்வெட்டிக்குப் போடுகிற பிடி. இரும்புச் சாமான் கடையில் வாங்கி, பிடிக்கிற இடத்தில் சைக்கிள் ரியூப்பைக் கீற்றாக வெட்டி இறுக்கிச் சுற்றியிருந்தார்.

"உதென்ன அண்ணை, தோட்டம் கொத்தப் போறியளோ?" என்று மீன்கடை மச்சான் கேட்டான். மீன்கடையில் நின்றவன், அவன் மெதுவாகக் கதைத்தாலும் மெட்ரோ மேடைவரை கேட்கும்.

"எல்லே அடிக்கப் போறம். ஞாயிறு வாறியோ?"

"ஆரோடை?"

"நிக்கிறாங்களே, தூணுக்குத் தூண். இவங்களோடைதான்."

எல்லே உங்களுக்குத் தெரியாது. பேஸ்போல் மாதிரி ஒரு விளையாட்டு, ஊரில் பள்ளிக்கூடங்களில் விளையாடுவோம். தடியால் பந்தை அடித்துவிட்டு, அடையாளம் வைத்த இடங்களைச் சுற்றி ஓடிவர வேண்டும். பேஸ்போலுக்கும் அதற்கும் இரண்டு வித்தியாசம் இருக்கிறது. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும். ஒன்று, எல்லேயில் உனக்குப் பந்து போடுவது எதிரி அல்ல, உன்னுடைய ஆள். நீ அடிக்க வேண்டும் என்று விரும்பித்தான் அவன் போடுவான். மற்றது, ஓடுகிறவன்மேல் பந்தை எறிந்து பட்டால் அவன் அவுட். ரெனிஸ் பந்துதானே, பட்டால் சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான்.

அண்ணைக்குப் பந்து போடுகிற ஆள் நான். இடக்கைக்காரருக்கு எந்த உயரத்தில் போட்டால் பிடிக்கும் என்று குசினியில் அவருக்கு மாவு எடுத்துக் கொடுத்த காலத்திலேயே என் கைக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

லா கூர்னெவ் புறநகரில் இருக்கும் பெரிய பூங்காவுக்குப் போனோம். கார் து நோர் நிலையத்தில் ரெயில் ஏறி, தடியோடும் வெறும் பாசுமதி அரிசிப் பைகளோடும் இறங்குவோம். பைகளுக்குள் புல்லை அடைத்து ஓடுகிற இடங்களுக்கு அடையாளம் வைப்போம். முதல் நாளே பூங்காக் காவலாளி வந்துவிட்டார். தடியைக் காட்டி இது என்ன என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் எல்லேயைப் பிரெஞ்சில் சொல்லத் தெரியவில்லை. மீன்கடை மச்சான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பேஸ்போல்!" என்றான். காவலாளி எங்களை மேலும் கீழும் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றார். காவலாளி தலையாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவருக்கு நாங்கள் பேஸ்போல்காரர். அந்தப் பெயர் லா சப்பலுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தக் கோடையில் அந்த அணி செய்ததை நான் மிகைப்படுத்தாமல் சொல்லப் பார்க்கிறேன். யாருக்கும் வேலை வாங்கித் தரவில்லை. யாருடைய வழக்கையும் வெல்லவில்லை. ஆனால் தூணுக்குக் கீழே நின்றவர்களுக்குக் கதைக்க ஒரு விஷயம் கிடைத்தது. மற்றப் புறநகர்களிலிருந்த நம்மவர்களும் அணி சேர்த்துக்கொண்டு வந்தார்கள். திங்கட்கிழமை காலையில் பலசரக்குக் கடைக்குள் போனால் கல்லாவில் இருப்பவர், "என்ன மாதிரி?" என்பார். "வெண்டுட்டம்," என்றால் கொத்தமல்லிக் கட்டொன்றைச் சும்மா எடுத்துப் பைக்குள் வைப்பார். தோற்றால் வைக்கமாட்டார், ஆனால் ஏன் தோற்றோம் என்று விளக்கம் கேட்பார். நகைக்கடைக்காரர் மஞ்சள் சேர்ட் அடித்துத் தந்தார். சேலைக்கடை அக்காமார் ஞாயிறு பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டுத் தேத்தண்ணீர்ப் போத்தலோடு வந்து புல்லில் இருந்து எங்களைத் திட்டினார்கள்.

"ஓடடா, ஓடு! ரெயிலைப் பிடிக்க மட்டும் ஓடத் தெரியுது!"

"அக்கா, நீங்கள் வந்து ஓடிப் பாருங்கோ."

"நான் ஓடினால் உங்களுக்கு இஞ்சை இடமிருக்காது, தம்பி."

உங்கள் அம்மாவும் வயிற்றோடு வந்து அவர்களோடு இருந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் சத்தம் போட்டுச் சிரித்ததை அங்கேதான் கேட்டேன்.

அண்ணைக்கோ அது வேறு கணக்கு. விளையாட்டு முடிகிற நேரம் அவருடைய தொலைபேசி அடிக்கும். மகள். ஒதுங்கிப் போகமாட்டார், எங்களுக்கு நடுவில் நின்றே எடுப்பார். அந்தப் பிள்ளையின் முதல் கேள்வி எங்கள் எல்லோருக்கும் கேட்கும்: "அப்பா, வெண்டனீங்களோ?"

"ஓம் குஞ்சு, வெண்டனாங்கள். அப்பா மூன்று தரம் சுத்தி வந்தனான்."

பிறகு யார் எப்படி அடித்தது, யார் விழுந்தது, மச்சான் பந்தைத் தேடிக் குளத்துக்குள் இறங்கியது எல்லாம் சொல்லுவார். அந்தப் பக்கத்தில் முகாமில் பிள்ளை சிரிக்கும். ஒருவருக்கும் பொய் சொல்லத் தேவையில்லாத ஒரு கதை அவர்களுக்குக் கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போனால் அவருக்கு என்ன மிஞ்சும் என்று எங்களுக்குத் தெரியும்.

இலையுதிர் காலத்தில் அது இல்லாமல் போகப் பார்த்தது. மச்சான் அடித்த ஒரு பந்து, புல்லில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் சாலட்டுக்குள் போய் விழுந்தது. காவலாளி வந்தார். நல்ல மனிதர், முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: திறந்த புல்வெளியில் இனித் தடியோடு விளையாட முடியாது, மேலிடத்து உத்தரவு.

அந்தப் பூங்காவுக்குப் பக்கத்தில் கம்பிவலை அடித்த ஒரு மைதானம் இருந்தது. ஒரு பிரெஞ்சு பேஸ்போல் கழகம் அங்கே விளையாடும். கழகத்தில் வயதான ஒருவர் இருந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், பெரிய மீசை. கோடை முழுக்க வலைக்கு அந்தப் பக்கம் நின்று எங்களைப் பார்த்தவர். அண்ணை அடித்தால் விசிலடிப்பார். எங்களைத் தடுத்ததைக் கேள்விப்பட்டு அவரே வந்தார். எங்களோடு வந்திருந்த டெலிபோன் கடைத் தங்கச்சி மொழிபெயர்த்தாள்.

"அவையின்ரை மைதானம் ஞாயிறு பின்னேரத்திலை சும்மாதான் கிடக்குதாம். கழகத்திலை கேட்டு எங்களுக்கு எடுத்துத் தரலாமாம். ஆனால் அவையளுக்கு எங்களைத் தெரியாதாம். வசந்த காலத்திலை ஒருக்கா அவையளோடை சேர்ந்து விளையாடட்டாம். கண்டால் பிடிக்குமாம்."

"ஓமெண்டு சொல்லு," என்றார் அண்ணை. "வேறை ஒண்டும் சொல்லாதை, ஓமெண்டு சொல்லு."

அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் பேஸ்போல் படித்தோம். தங்கச்சி கணினியில் பார்த்து வந்து சொல்லுவாள். கடை பூட்டியிருக்கும் நேரத்தில் சாப்பாட்டுக்கடை மேசைகளில் உப்புப் புட்டி, மிளகுப் புட்டி, தேத்தண்ணீர்க் கோப்பை எல்லாவற்றையும் வைத்து அண்ணை வகுப்பெடுத்தார். எங்களுக்கு ஏறவே ஏறாத விஷயம் ஒன்று இருந்தது.

"பந்து போடுறது ஆர்?" என்று மச்சான் கேட்டான்.

"அவங்கடை ஆள்."

"அவன் ஏன் எங்களுக்கு நல்ல பந்து போடப் போறான்?"

"போடமாட்டான். நாங்கள் அடிக்கேலாத மாதிரித்தான் போடுவான்."

"உதென்ன விளையாட்டு? சரியான சண்டைக்காரச் சனமா இருக்குது."

மற்றதை அண்ணை திரும்பத் திரும்பச் சொன்னார். "இது கல்லு மாதிரிப் பந்து. ஓடுற ஆளுக்கு எறியக்கூடாது. சாக்கிலை நிக்கிற எங்கடை ஆளுக்கு எறி. மனிசனுக்கு எறியாதேங்கோ, விளங்குதோ? மனிசனுக்கு எறியாதேங்கோ." ஒவ்வொருவருடைய கையையும் பிடித்து அதைச் சொன்னார். அடையாளத்துக்கு அரிசிச் சாக்கு வைத்த பழக்கத்தில் பேஸ்போல் தளத்தையும் நாங்கள் சாக்கு என்றுதான் சொல்வோம்.

வசந்தம் வந்தது. மூத்தவளே, நீயும் வந்தாய், கம்பளிக்குள் சுற்றிய கிழங்கு மாதிரி. லா சப்பலில் பாதி அன்று அங்கே நின்றது. அவர்கள் எங்களுக்குக் கையுறைகள் தந்தார்கள். அண்ணைக்குக் கிடைத்தது வலக்கைக்காரர் போடுகிறது. கொஞ்ச நேரம் மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தார். பந்து போட எனக்கு அன்று வேலையில்லை. ஓரத்தில் நின்றேன். எங்கள் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய் நின்று, பந்து நல்லாக வரும் என்று மரியாதையோடு காத்திருந்து, அவுட்டாகித் திரும்பினார்கள். அவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. நாங்களும் சிரித்தோம். அண்ணை மட்டும் எப்படியோ ஒரு பந்தைத் தொட்டார். அது வலையைத் தாண்டிப் போனது. அந்தப் பக்கத்து ஆட்களும் எழுந்து கைதட்டினார்கள். தபால்கார ஐயா அண்ணையின் தோளில் தட்டி, கழகத் தலைவரைப் பார்த்து, எப்படி என்பது போலக் கண்ணைக் காட்டினார். தலைவர் கறுத்தக் கோட்டோடு நின்ற உயரமான மனிதர். அவரும் தலையாட்டினார். மைதானம் கிடைத்துவிட்டது என்று நான் உங்கள் அம்மாவுக்குக் கையால் காட்டினேன்.

கடைசியில் அவர்களின் முறை. எங்கள் தோல்வி ஏற்கெனவே நிச்சயம், ஆகவே வேடிக்கைக்காகத் தபால்கார ஐயாவே பேஸ்போல் தடியோடு வந்தார். அடித்தார். தொப்பை குலுங்க ஓடினார். பந்து உருண்டு அண்ணையின் காலடிக்கு வந்தது. குனிந்து எடுத்தார். சாக்கில் எங்கள் ஆள் கையை நீட்டிக்கொண்டு நின்றான். அண்ணைக்கு முன்னால் ஒரு முதுகு ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அந்தக் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

பந்து ஐயாவின் தோளின் மேற்பக்கத்தில் பட்டது. அந்தச் சத்தத்தை நான் இப்போதும் சொல்லமாட்டேன்.

அதற்கு அடுத்த கணத்தைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பாமல் இவ்வளவு காலம் இருந்தேன். எங்கள் பக்கம் முழுவதும், சேலைக்கடை அக்காமார் உட்பட, "அவுட்!" என்று கத்திக் கைதட்டியது. பழக்கம். ஐயா விழுந்து எழும்பாமல் கிடந்ததைக் கண்ட பிறகுதான் கைகள் நின்றன.

அண்ணை ஓடிப்போய் அவருக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். தமிழில் ஏதேதோ சொன்னார். தோளெலும்பு உடைந்திருந்தது. ஐயா வெளுத்த முகத்தோடு ஒரு கையால் அண்ணையின் கையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தீயணைப்புப் படை அம்புலன்ஸ் வந்தது. சீருடைகளைக் கண்டதும் எங்கள் ஆட்களுக்கு வேறு பயம் பிடித்தது.

"அண்ணை, எழும்புங்கோ, போங்கோ. பேர் கேப்பாங்கள்."

"இந்தாளை இப்பிடி விட்டிட்டோ?"

"கேஸ் நடக்குது உங்களுக்கு. பொலிசுக்கு ஒரு முறைப்பாடு போனால் காணும். போங்கோ எண்டுறன்!"

இழுத்துத்தான் கொண்டுபோனார்கள். போகிற வழியில் தடியை என் கையில் தந்தார். "வச்சிரு. பேந்து வாங்கிறன்." கண் என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பைக்குள் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. அவர் எடுக்கவில்லை.

அடுத்த கிழமை நடுவில், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன், தபால்கார ஐயா ரூ பெர்தொனேக்கு வந்தார். இடக்கை கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கியது. பக்கத்தில் கறுத்தக் கோட்டோடு அந்த உயரமான தலைவர். மைதானத்துக்கு வராத கடைக்காரருக்கு அவரைத் தெரியாது, வந்தவர்களும் தூரத்தில் நின்று பார்த்த முகத்தை மறந்திருந்தார்கள். "சிவில் பொலிஸ்" என்று தெருமுனையில் ஒருவர் சொன்னார், அது அவர்களுக்கு முன்னே தெருவெங்கும் ஓடிவிட்டது. ஐயா ஒவ்வொரு கடையாக ஏறினார். இடது கையால் எறிவது போலச் செய்ய முயன்று வலியில் முகத்தைச் சுளித்தார். மஞ்சள் சேர்ட், மெலிந்த ஆள் என்று சைகை காட்டினார். நல்ல கையில் ஒரு சாவி வைத்திருந்தார். அதைத் தூக்கி ஆட்டி ஆட்டிக் காட்டினார்.

"சாவியைத் துலைச்சவர் ஆரெண்டு கேட்டுப் பிடிக்கப் பாக்கினம்," என்றார் நகைக்கடைக்காரர். "ஒருத்தரும் வாய் திறக்காதேங்கோ."

பிரெஞ்சில் 'கொன்னே பா' என்றால் தெரியாது என்று அர்த்தம். நாங்கள் இந்த நாட்டில் முதலில் பழகிய வசனம் அதுதான், அதை நாங்கள் நன்றாகச் சொல்லுவோம். பலசரக்குக்காரர் சொன்னார். சேலைக்கடை அக்கா சொன்னாள். கொத்தமல்லி கட்டிக்கொண்டிருந்த பையனும் சொன்னான். பேஸ்போலா? அப்படி ஒன்று இங்கே இல்லை. சுவரில் எங்கள் அணிப்படம் தொங்கிய தேநீர்க்கடையில், படத்துக்கு மேலே ஒரு நாட்காட்டியைத் தொங்கவிட்டுச் சொன்னார்கள். டெலிபோன் கடைத் தங்கச்சிக்கு அன்று விடுமுறை. அவள் நின்றிருந்தால் அவரோடு கதைத்திருப்பாள்.

எங்கள் கடைக்கும் வந்தார். குசினித் துவாரத்தால் நான் பார்த்தேன், ஐயா மட்டும்தான் தெரிந்தார். முதலாளி கையை விரித்தார். ஐயா களைத்திருந்தார், இருந்து ஒரு தேநீர் குடித்தார். நன்றி சொன்னார். கதவடியில் திரும்பி நின்று ஏதோ நீளமாகச் சொன்னார். முதலாளி சிரித்த முகத்தோடு, "கொன்னே பா," என்றார்.

அவர்கள் மெட்ரோப் படியேறியதும் தெரு மூச்சு விட்டது. அன்று பின்னேரம் எல்லோரும் நிமிர்ந்து நடந்தார்கள். ஒருவன்கூட அண்ணையைக் காட்டிக்கொடுக்கவில்லை. பல மாதமாக எதிலும் வெல்லாத சனம் ஒன்றில் வென்றுவிட்டது மாதிரி. எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. செய்தியை அண்ணைக்கு மச்சான் கொண்டுபோனான். பொலிசோடு வந்து தேடுகிறார்கள் என்றால், தான் இங்கே இருந்தால் எங்களுக்கும் கரைச்சல் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நான் அடுத்த நாள் அவர் அறைக்குப் போனேன். கட்டிலில் மஞ்சள் சேர்ட் மடித்து வைத்திருந்தது. எங்கே போகிறார் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. யார் கேட்டாலும் நாங்கள் பொய் சொல்லத் தேவையில்லாமல் செய்துவிட்டுப் போயிருந்தார். அவருடைய தொலைபேசி எண் கொஞ்ச நாள் அடித்தது. பிறகு அடிக்கவில்லை.

நான் உண்மையை அறிந்தது இலை உதிரத் தொடங்கிய பிறகு. மூத்தவளைத் தள்ளுவண்டியில் வைத்து அந்தப் பூங்காவுக்குக் கொண்டுபோனேன். அதே காவலாளி கையசைத்துக்கொண்டு வந்தார்.

"எங்கே போனீர்கள் பேஸ்போல்காரர்? ஏன் வரவில்லை?"

என் பிரெஞ்சு அப்போது இன்னும் மோசம். மெதுவாகச் சொல்லச் சொன்னேன். அவர் வலைக்குள் இருந்த மைதானத்தைக் காட்டி, வாயை அகலத் திறந்து, செவிடனுக்குச் சொல்வது போலச் சொன்னார். "கழகம் சம்மதித்தது. ஞாயிறு பின்னேரம் உங்களுக்கு. கேற் சாவியைக் கொண்டுதான் கிழவர் உங்கள் தெருவுக்கு வந்தார். உங்கள் இடக்கைக்காரரைக் கண்டு சாவியைக் கையில் கொடுக்க வேண்டும் என்று நின்றார். கிடைக்கவில்லை என்று சாவியை என்னிடம் தந்தார். கோடை முழுக்க அது என் குடிலில் ஆணியில் தொங்கியது. ஞாயிறுகளில் மைதானம் சும்மா கிடந்தது. கிழவர் சில ஞாயிறு வந்து பார்த்துவிட்டுப் போனார். நீங்கள் கோபித்துக்கொண்டீர்கள் என்று நினைத்தார்."

"தோள்?" என்று நான் என் தோளைத் தொட்டுக் கேட்டேன்.

"அதுவா? நல்ல எறி என்றுதான் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார்."

சாவி எங்கே என்று கேட்டேன். பருவம் முடிந்ததும் கழகத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஐயாவோ கால் ஏலாமல் மகளோடு எங்கோ கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

லா சப்பலில் போய்ச் சொன்னேன். யாரும் நம்பவில்லை, பிறகு நம்பினார்கள், பிறகு அதைப்பற்றிக் கதைப்பதை நிறுத்தினார்கள். தேநீர்க்கடைக்காரர் நாட்காட்டியைக் கழற்றினார். அணிப்படம் மீண்டும் தெரிந்தது, நடுவில் அண்ணை. அடுத்த வசந்தத்தில் கழகத்திடம் மறுபடி கேட்கலாம் என்று மச்சானும் நானும் திட்டம் போட்டோம். ஆனால் அதற்குள் வேலைகள் மெதுவாகத் திரும்பத் தொடங்கின. எங்களுக்கு வந்த வேலைகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலைகள். எனக்கும் ஒரு ஹோட்டல் குசினியில் கிடைத்தது. சின்னவன் பிறந்தான். கஷ்டகாலம் போனதும் தூண்களடியில் ஆட்கள் இல்லை, அணிக்கும் ஆட்கள் இல்லை. நல்லதுதானே என்று உங்கள் அம்மா சொன்னாள். நல்லதுதான்.

அண்ணையைத் துலூஸில் கண்டதாக ஒருவர் சொன்னார். மனைவியும் மகளும் முகாமிலிருந்து வெளியே வந்து, எல்லோருமாகக் கனடா போய்விட்டார்கள் என்று இன்னொருவர் சொன்னார். அப்படியே இருக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்யாண வயது. தன் அப்பா அந்த ஞாயிறு ஏன் தொலைபேசியை எடுக்கவில்லை என்று அவள் கேட்டிருப்பாளா, அவர் என்ன சொல்லியிருப்பார் என்று சில நேரம் நினைப்பேன். ஒரு மனிதரைக் கொலைசெய்யப் பார்த்தவன் போல அவர் ஊர் விட்டுப் போனார். அந்த மனிதர் சாவியோடு அவரைத் தேடித் திரிந்தார். இடையில் நின்றது நாங்கள். அவர்மேல் அன்பு இல்லாமல் இருந்திருந்தால் யாராவது ஒருவர், "ஓம், தெரியும், அந்த மூலையிலை நிப்பார்," என்று காட்டியிருப்பார். அதுதான் எனக்கு விளங்குவதில்லை. யார்மேல் கோபிப்பது என்று தெரிந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

உங்களிடம் யாராவது வந்து பிரெஞ்சில் கேட்டால் நீங்கள் முழுவதையும் கேட்டு முடிக்கிறீர்கள், பிறகு பதில் சொல்கிறீர்கள். கடைகளில், அலுவலகங்களில் உங்களோடு வரும்போது அதைக் கவனித்திருக்கிறேன். உங்களுக்கு அது சாதாரணம்.

இதை எழுதத் தொடங்கிய அன்று நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு தடியை எடுத்துப் பார்த்தேன். பிடியில் சுற்றியிருந்த ரியூப் இற்றுப்போய், தொட்டதும் கறுப்புத் தூளாக நிலத்தில் கொட்டியது. கூட்டி அள்ளினேன். கீழே இறங்கி, சைக்கிள் திருத்துகிற கடையில் பழைய ரியூப் ஒன்று கேட்டு வாங்கி வந்தேன். கத்தரிக்கோலால் கீற்றாக வெட்டி, தடியை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். பாதி சுற்றிய பிறகுதான் என் கை போன பக்கத்துக்குச் சுற்றியிருக்கிறேன் என்று கண்டேன். முழுவதையும் அவிழ்த்தேன். மறுபடி அடியிலிருந்து, இடக்கைக்காரர் பிடிக்கிற மாதிரி மற்றப் பக்கமாகச் சுற்றி, நுனியைச் செருகி, புது வீட்டுக் கதவுக்குப் பின்னால் வைத்தேன்.